பாறைவிளையில் வண்டி நிற்பதில்லை

பாறைவிளை ஸ்டேஷனில் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறையும் அதற்கொரு சன்னலும்தான். அந்தச் சன்னலில் இருந்து கமிஷனுக்கு டிக்கெட் கொடுத்தவள் ராஜமணி. காலைப் பாசஞ்சரில் கொத்தனார்களும் நர்சிங் படிக்கும் பெண்களும் திருவனந்தபுரம் போவார்கள். பாதிப்பேர் சன்னல் பக்கமே வரமாட்டார்கள். மளிகைக்கடை சுயம்புராஜ் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார். ஊர்க்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று அவளும் பேசாமல் இருப்பாள்.

அவள் கணவன் சிவதாணுவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது அந்த வண்டிதான் துணை. டயாலிசிசுக்காகத் திருவனந்தபுரம் போகிற நாளில் வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்து ஏறுவான். காலியான இருக்கையில் அப்படியே சாய்ந்துகொள்வான்.

அப்புறம் உத்தரவு வந்தது. டிக்கெட் விற்பனை போதவில்லை, இனி வண்டி நிற்காது என்றார்கள். சுயம்புராஜ் வீடுவீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

நம்பிக்கை போகாமல், உத்தரவு நடப்புக்கு வந்த முதல் நாள் சிவதாணு சட்டையை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தான். வண்டி ஹாரன் அடித்தபடி வேகம் குறையாமல் கடந்தது. கிளம்பிய புழுதி அடங்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு ஆட்டோ, இரண்டு பஸ், நின்றுகொண்டே பயணம். திரும்பும்போது வழியெல்லாம் வாந்தி. சில வாரம் சமாளித்தான். ஒருநாள் காலையில் அவள் கூப்பிட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“எனக்கு இனி வய்யாட்டி, முடியாது. வண்டி நிக்கட்டு, வாறேன்.”

அவள் அழுதாள், காலைப் பிடித்தாள், அண்ணன்மாரை வரவழைத்துச் சொல்லவைத்தாள். அவன் அசையவில்லை. கால் வீங்கி, மூச்சு முட்டி, அந்த மாதமே போய்ச் சேர்ந்தான்.

இந்த வருஷம் இரண்டாவது ரயில்பாதை போட ஆள்கள் வந்தார்கள். ஸ்டேஷனை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சுயம்புராஜ் அவள் வீட்டுக்கு ஓடிவந்தார். எல்லாரும் ஜேசிபி முன்னால் உட்காரப்போகிறோம், நீயும் வரவேண்டும் என்றார்.

ராஜமணி தக்கலையில் ஒரு ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, நீங்க ஒருநாளாவது டிக்கெட் எடுத்தியளா?”

அவர் திரும்பிப் படியிறங்கினார். அவருக்கும் வயதாகிவிட்டது. கேட்டதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இல்லை. தான் கேட்டிருக்க வேண்டிய காலத்தில் கேட்காததுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். இடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள்.