அப்பாவுக்கு ஒரு நூல்கோல்

எங்கள் வீட்டில் நூல்கோல் யாருக்கும் பிடிக்காது. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று வாங்கினோம்.

அது அப்பாவுக்கு. ரங்கூனில் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து நூல்கோல் இல்லாமல் அவர் வீடு திரும்பியதில்லை என்பாள் அம்மா. யுத்தத்தில் அந்த ஊரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் அம்மாவையும் அண்ணாவையும் ஒன்பது வயசான என்னையும் கப்பலேற்றினார். 'பெங்களூரில் என் தம்பி வீட்டில் இருங்கள், அங்கேயே வந்துவிடுகிறேன்' என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. நாற்பத்திரண்டு மாசியில் கால்நடையாகக் கிளம்பியவரை மணிப்பூர்ப் பக்கம் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். அவ்வளவுதான்.

தஞ்சாவூரிலிருந்து மாமா எத்தனை தடவை கூப்பிட்டும் அம்மா அசையவில்லை. "இந்த ஊருக்குத்தானே வரேன்னு எழுதியிருக்கார்" என்பாள். அவர் வந்ததும் கிளம்பப்போகிற ஊரில் எதற்குக் கன்னடம் என்று அதையும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் மார்க்கெட் வரைக்கும் பை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்; தமிழ் பேசும் எல்லம்மாவின் கடை அங்கேதான் இருந்தது.

வாங்கிய நூல்கோல் வெள்ளிக்கிழமை வரை கூடையில் கிடந்து வதங்கும். பிறகு குழம்பில் போட்டு நாங்கள் முகம் சுளித்துத் தின்போம். மறுநாள் புதுக்காய். எதற்கும்மா இந்த வீம்பு என்று கேட்டால், "அப்பா வந்துட்டா என்னடீ பண்றது?" என்பாள். "முதல்ல காபி குடு" என்று நான் கிண்டல் செய்வேன்.

போன மாசம் என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள், "பொண்ணோட அப்பா இருக்காரா?" என்று கேட்டார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. போனவர்கள் போனவர்கள்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், "இருக்கார், இல்லேன்னு ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை அம்மா அண்ணாவிடம், "வாத்தியாரைப் பாருடா. பன்னிரண்டு வருஷம் ஆயிடுத்து" என்றாள். அத்தனை வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் இறந்தவராக எண்ணிக் காரியம் செய்துவிடலாம் என்பது சாஸ்திரம். அண்ணா தலைகுனிந்தபடி போனான். நான்தான் அம்மாவை இப்படிச் சொல்லவைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காரியம் ஆரம்பம். முந்தின நாள் வழக்கம்போல இருவரும் மார்க்கெட்டுக்குப் போனோம்.

"வாழைக்காய் எட்டு. பாகற்காய், சேப்பங்கிழங்கு. பிரண்டை இருக்கா?" என்றாள் அம்மா.

எல்லம்மாவின் கை தராசில் நின்றது. ஜீவனஹள்ளியில் அவள் வீட்டில் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. ஆனாலும் பிராமண வீடுகளுக்கு இத்தனை வருஷம் காய் கொடுத்தவளுக்கு அந்தப் பட்டியல் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

"தெவசமா? யாருக்கும்மா?"

"எங்காத்துக்காரருக்கு."

எல்லம்மா அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். குங்குமம் மற்ற நாளைவிடப் பெரிதாக இருந்தது. காரியத்தின் பத்தாம் நாள் அதை அழிக்கும் வரை இருக்கும். எல்லம்மா காயை நிறுத்துப் பையில் போட்டாள். கடைசியில் இலையோடு இருந்த ஒரு இளம் நூல்கோலைப் பொறுக்கி மேலே வைத்தாள்.

"அவருக்குப் புடிக்கும்னு சொல்லுவியே. இது என்னோடதா இருக்கட்டும்மா."

"ரொம்பப் பிடிக்கும், எல்லம்மா. ஆனா இங்கிலீஷ் காய் காரியத்துக்கு ஆகாது" என்றாள் அம்மா. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கென்று சமைக்கப்போகிற சாப்பாட்டில் அப்பாவுக்குப் பிடித்த காய் இருக்காது. உயிரோடு இருந்தால்தான் அவர் அதைச் சாப்பிடலாம். பன்னிரண்டு வருஷமாக அம்மா கூடையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எதையென்று தெரியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பைக்குள் கைவிட்டாள். நான் அதற்குள் நூல்கோலை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"குடு, சரளா."

"அப்பா வந்துட்டா என்னம்மா பண்றது?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயை எடுத்தாள். எல்லம்மாவின் கோணியில் மற்ற காய்களோடு வைத்தாள்.

"வரமாட்டார்டீ" என்றாள். "வா, வெயில் ஏறிடும்."