கேட்கக் கூடாத மேசை

தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன். பெனடிக்ட் சபை மடத்தில் அவனுக்குப் பயிற்சி முடிகிற நேரம். வரும் ஞாயிறு, துறவியாகவே வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் மடத்துப் பிள்ளை, எங்கள் பிள்ளை இல்லை.

தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். பார்த்ததும் பொரிந்து தள்ளினேன்.

"வீட்டுல உனக்கு என்னடா கொறை வெச்சோம்? என்னிக்காவது வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கியா? கேட்டு, இல்லன்னு சொல்லியிருக்கோமா?"

"இல்லண்ணா."

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. பயிற்சி கொடுக்கும் சாமியார் வந்தார். "சாப்பிட்டுட்டுப் பேசுங்க. அவன் வர்றேன்னா நாங்க தடுக்க மாட்டோம். உள்ள மட்டும் பேசாம இருங்க, போதும்" என்றார். சாப்பாட்டோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை.

நீளமான கூடம். சுவரை ஒட்டி மேசைகள், ஒரு பக்கம் மட்டும் ஆட்கள். கடைசியில் தம்பி, அவனுக்கு அந்தப் பக்கம் தூண். இந்தப் பக்கம் நான். ஒருவர் நின்றுகொண்டு ஏதோ வாசித்தார். மற்றவர்கள் கப்சிப்.

ராஜ உபசாரம்தான் போங்கள்! உப்புக்காகக் கண்ணை உருட்டினேன், உப்பு வந்தது. ரொட்டி தீருமுன் அடுத்த ரொட்டி. என் டம்ளர் காலியாகும்போதெல்லாம் தம்பி தண்ணீர் ஊற்றிவிட்டு, ஜாடியை என் முன்னால் வைத்தான். பையனை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

வெளியே வந்ததும் அவன் நேராகக் குழாயடிக்குப் போனான். குனிந்து, கையைக் குவித்து, மடக் மடக்கென்று குடித்தான்.

"ஏன்டா, ஜாடி அங்கதானே இருந்துச்சு?"

"நமக்கு நாமே ஊத்திக்கக் கூடாதுண்ணா. கேக்கவும் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க பாத்து ஊத்தணும். இங்க அதான் மொதல் பாடம்."

"நல்ல கூத்துடா! பக்கத்துல இருக்கறவன் பாக்கலன்னா? தொண்டை வறண்டு சாகறதா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். குத்திக்காட்டுகிற சிரிப்பில்லை.

"இங்க வந்ததுல இருந்து இன்னிக்குத்தாண்ணா என் டம்ளர் காலியா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. சாயங்கால பஸ்ஸில் ஒரு டிக்கெட்தான் எடுத்தேன்.