திமிங்கிலம் மீன் இல்லை

ஆறு வயது மகள் வெண்ணிலாவுக்குக் கார்குழலி லாஸ்பேட்டை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அன்று இருவரும் கடையில் விலங்குகள் பற்றிய புத்தகம் தேடினார்கள். புரட்டிய ஒன்றில், "திமிங்கிலம் மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும்" என்றிருந்தது.

கார்குழலியின் முகம் சுண்டிப்போனது. போன வாரம் மகள் இதையே சொன்னபோது, "எதிர்த்துப் பேசாத" என்று அதட்டி, "திமிங்கிலம் ஒரு மீன்" என்று இருபது தடவை எழுதவைத்திருந்தாள்.

சட்டென்று புத்தகத்தை அலமாரியில் செருகினாள். "வேற பாக்கலாம் வா."

வெண்ணிலா ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள். "நான் அப்பாகிட்ட சொல்லமாட்டேம்மா" என்றாள் மெதுவாக.

கார்குழலி கூசிப்போனாள். கடைக்காரர் காதில் விழுந்தால் விழட்டும் என்று குனிந்து, "நீ சொன்னதுதான் சரிடி. அம்மாதான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்" என்றாள். மகளை நேராகப் பார்க்க முடியாமலே, அந்தப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.