சிவப்புக் கொடிக்கு ஒரு விலை

முந்நூறு ரூபாய் என்று எழுதியது நான்தான். ஆபீஸ்காரர்மேல் பழி போடுகிறவர்கள் போடட்டும், மில்லுக்காரனைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். பேனா பிடித்த கை என்னுடையது.

ஐம்பத்தேழாம் வருஷம், கார்த்திகை மாதம். சரக்கு இறக்கும் பழைய கடல் பாலம் புயலில் போனபிறகு புதுச்சேரிக்கு வரும் கப்பல்கள் ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை இறக்க சலங்குதான் கதி. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பெரிய படகு அது. பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள், பின்னால் நின்று திசை பிடிப்பவர் தண்டல். எங்கள் சலங்குக்குத் தண்டல் என் வீட்டுக்காரர். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ஆனால் சர்க்காருக்குப் போகும் சீட்டுகளில் வைத்திலிங்கம், வைத்திலிங்கம் என்று நூறு தடவை எழுதியிருப்பேன். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள்.

அந்த வருஷம் கப்பல் சரக்கு ஆபீஸ் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. என் வளையலை விற்று ஐந்நூறு ரூபாய் டெபாசிட் கட்டினோம். ஒப்பந்தத்தோடு ஒரு விலைப்பட்டியல் உண்டு. கடல் அமைதியாக இருந்தால் ஒரு நடைக்குப் பன்னிரண்டு ரூபாய், கொஞ்சம் எழும்பியிருந்தால் பதினெட்டு. பட்டியலில் உள்ள வேலைக்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சீட்டு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டெபாசிட் போய்விடும். பட்டியலில் இல்லாத வேலை என்றால் சீட்டில் விலைக் கட்டம் காலியாக வரும். நாங்கள் விலை எழுதி அனுப்புவோம். அவர்களுக்குச் சம்மதமானால் கையெழுத்துப் போடுவார்கள், இல்லையென்றால் அந்த வேலை அதோடு விட்டது.

கடல் ஆபத்து என்று துறைமுகக் கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏறிய நாளுக்குப் பட்டியலில் விலையே கிடையாது. அன்று யாரும் கடலில் இறங்குவதில்லை, அதனால் அதற்கு விலை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை சிவப்புக் கொடி பறந்தது. பத்து மணிக்கு ஆபீஸ் பியூன் ஒரு சீட்டோடு வந்தான். மில்லுக்கு ஒரு இயந்திரப் பெட்டி கப்பலில் கிடக்கிறது, இன்றைக்கே இறக்க வேண்டும். கட்டம் காலி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் கடலைப் பார்த்தார்.

"இந்தக் கடல்லயா? மூணாவது அலை எங்க ஒடையுது பாரு. முடியாதுன்னு எழுதி அனுப்பு."

அப்படியே எழுதித் தொலைத்திருக்கலாம். நான் மீன் கூடையோடு வளர்ந்தவள். கல்யாணம் ஆகும்வரை பெரிய மார்க்கெட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விற்றேன். வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்த மீனை ஒருவர் கேட்டால் கூடைக்காரி 'இல்லை' என்று சொல்ல மாட்டாள். கூடை முன்னால் அந்த வார்த்தை வந்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். மூன்று மடங்கு விலை சொல்வாள். கேட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார். எங்கள் மார்க்கெட்டில் இது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவளுக்கும் தெரியும்.

சர்க்காருக்கு முடியாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வருஷ ஒப்பந்தம் கெட்டுவிடுமே என்ற பயம் வேறு. கட்டத்தில் முந்நூறு என்று எழுதினேன். பன்னிரண்டு ரூபாய் வேலைக்கு முந்நூறு! சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்து, உலையில் அரிசியைப் போட்டேன்.

அரிசி வேகுமுன் சீட்டு திரும்பி வந்தது. கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன.

"மில்லுல மூணு நாளா தறி ஓடலியாம்மா," என்றான் பியூன். "வெலயக் கேட்டதும் அவுங்க மறுபேச்சே பேசல. அவ்ளோதானான்னாங்களாம்."

முந்நூறு ரூபாய் என்றால் எங்களுக்கு ஆறு மாதச் சாப்பாடு. தறி நின்ற மில்லுக்கு அது ஒரு பொழுதுக் காசு. இது தெரியாமல் விலை எழுத உட்கார்ந்தேனே, என்னை என்ன செய்தால் தகும்!

அந்தப் பியூன் சும்மாவும் வரவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். வாசலில் பத்துப் பேரும் நின்றார்கள். முன்னால் நின்றவன் என் தம்பி பாலகுரு.

"அக்கா, ஆளுக்குப் பதினஞ்சு ரூபாயாமே!"

"டேய், அது போறதுக்கு எழுதின வெல இல்லடா. போவாம இருக்கறதுக்கு எழுதினது."

"எதுக்கு எழுதினா இன்னா? குடுக்கறான் இல்ல?"

முக்கால் ரூபாய்க்குத் துடுப்புப் போடுகிறவனிடம் பதினைந்து ரூபாயைக் காட்டிவிட்டு, போகாதே என்றால் எப்படிக் கேட்பான்? என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"முடியாதுன்னுதான எழுதச் சொன்னேன்?"

"அதத்தான்யா எழுதினேன். என் புத்தி அப்பிடி எழுதிச்சு."

அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் வரலன்னா இவனுங்க வேற தண்டலக் கூட்டிக்கினு போவானுங்க," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அதிகாரி சக்கரபாணி நல்ல மனுஷர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருப்பவர், நாங்கள் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம்.

"முசே, வெலய தப்பா எழுதிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொறச்சலா எழுதிட்டீங்களா? எவ்வளவு வேணும், சொல்லுங்க. மில்லுல கேட்டுப் பாக்கறேன்."

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. "எவ்வளவும் வாணாம். சீட்டத் திருப்பிக்குங்க. அவங்க போவ மாட்டாங்க."

"கையெழுத்தாயிட்டா அது சர்க்கார் காகிதம்மா. இப்ப மாட்டேன்னா டெபாசிட் ஐந்நூறும் போவும், ஒப்பந்தமும் போவும்."

"போவட்டும். காகிதம் குடுங்க, எழுதித் தரேன்."

அவர் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். வளையல் விற்ற ஐந்நூறு ரூபாயும் ஒப்பந்தமும் போனாலும் ஆள் இருந்தால் போதும் என்று பேனாவை மையில் தோய்த்தேன். முதல் வரி முடியவில்லை, கடற்கரைப் பக்கம் 'ஏலேலோ' என்று ஒரே கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சலங்கு தண்ணீரில் இறங்கிவிட்டது.

பேனாவை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடினேன். பாலகுருவின் பெண்சாதி அஞ்சம்மாள் ஏழு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தினாள்.

"நீங்கதான அண்ணி வெல எழுதினீங்க? அவருக்கு ஒண்ணுன்னா ஒங்க வாசல்ல வந்து மண்ண வாரி வீசுவேன்!"

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். முதல் அலையை ஏறி இறங்கினார்கள். இரண்டாவதில் சலங்கின் மூக்கு செங்குத்தாக எழும்ப, ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிவது தெரிந்தது. மூன்றாவது அலைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் படகை நிறுத்திவிட்டார். துடுப்புகள் தூக்கியபடி நின்றன. அலை எழும்பிச் சரியும் நேரம் பார்த்து ஒரே பாய்ச்சல். அதன்பிறகு வெள்ளை நுரை மட்டும்தான் தெரிந்தது. அஞ்சம்மாள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. நுரைக்கு அப்பால் கறுப்பாக ஒன்று தெரிந்தபோது இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம்.

திரும்பி வருவதுதான் எமன். பெட்டியின் கனம் வேறு சேர்ந்துகொண்டது. ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். வரும்போது மூன்றாவது அலை படகைப் பின்னாலிருந்து தூக்கியது. ஒரு துடுப்பு முறிந்து பாலகுருவின் தோளில் அடித்தது. அவன் பாதி உடம்பு வெளியே தொங்க, பக்கத்தில் இருந்தவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். மற்றவர்கள் துடுப்பை விடவில்லை. அப்படியே கரை சேர்ந்தார்கள்.

பெட்டி நனையவில்லை. மில் லாரி காத்திருந்தது. பதினைந்து பதினைந்தாகக் கையில் வாங்கிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். பாலகுரு தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

"இனிமே சிவப்புக் கொடி நாளுக்குச் சீட்டு வந்தா, எட்டுக் கோடி குடுத்தாலும் முடியாதுன்னுதான் எழுதுவேன்," என்றேன். ம் என்றார். அன்று நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் மறுபடி சிவப்புக் கொடி ஏறியது. கடல் போன தடவையைவிடக் கறுத்திருந்தது. பியூன் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முடியாது என்ற நாலு எழுத்தை எழுத இந்தத் தடவை எனக்குக் கூச்சமே இல்லை.

சீட்டைப் பிரித்தேன். விலைக் கட்டம் காலியாக இல்லை. 'சிவப்புக் கொடி நாள், ஒரு நடை, ரூ. 300' என்று டைப் அடித்திருந்தது. அடியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட ஒரு கோடு மட்டும் இருந்தது.

"இன்னாடா இது?"

"ஒரு தடவ ஒத்துக்கிட்ட வெல பட்டியல்ல ஏறிடுச்சாம்மா," என்றான் பியூன் சந்தோஷமாக. "இனிமே ஒங்களக் கேக்கவே வேண்டியதில்லன்னு முசே சொல்லச் சொன்னாரு. ஒங்களுக்கும் எழுதற வேல மிச்சம்."

அவன் பின்னால் பத்துப் பேரும் வந்து நின்றுவிட்டார்கள். பாலகுரு தோளில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தான். என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு தலைத்துண்டை எடுத்தார். மண்ணை வாரி வீசுவேன் என்ற அஞ்சம்மாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

"அண்ணி," என்றாள் தாழ்ந்த குரலில், "இன்னிக்கும் அதே பதினஞ்சுதான?"

ஆமாம் என்றேன்.