ஷூ பெட்டியில் ஒரு சீதாப்பழம்

ஆலங்காயத்துப் பூவம்மாள் புரட்டாசியில் கூடையோடு ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலுக்கு வந்தால், ஐப்பசி முடிந்ததும் காணாமல் போய்விடுவாள். அந்த இரண்டு மாதமும் தையல் செக்‌ஷன் பெண்கள் கையிலெல்லாம் சீதாப்பழம்தான். ஹெலனுக்கு மட்டும் பாதிக்கு மேல் தொண்டையில் இறங்காது. புருஷன் ஜான்சன் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான். ஐந்து வருஷமாக அவனுக்கு லீவு கிறிஸ்துமஸுக்குத்தான். அவன் வரும்போது மரத்தில் பழம் இருக்காது.

இந்த ஐப்பசியில் போனில் பேசும்போது சும்மா சொல்வது போலச் சொன்னான்: "சீதாப்பழ வாசனையே மறந்துபோச்சு ஹெலன்."

அவளுக்குப் பகீரென்றது. இன்றைக்குப் பழம் மறந்தது, நாளைக்கு எது மறக்குமோ? மறுநாள் மெஷினில் தைக்கும்போது ஷூ தோலில் இருந்த புள்ளிகளெல்லாம் சீதாப்பழக் கண்களாக விரிந்தன. வரிசை முழுக்கத் தித்திப்பாக மணத்தது. சூப்பர்வைசர் மேஜையைத் தட்டிய பிறகுதான் ஊசி நின்றிருப்பது தெரிந்தது.

சாயங்காலம் பூவம்மாளிடம் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு, டிசம்பர் வரைக்கும் வச்சிருக்க முடியாதாக்கா?"

"அது நிக்காதும்மா. கண்ணு விரிஞ்சா மூணு நாளு. விரியாததப் பறிச்சா பழுக்கவே பழுக்காது. கோட மழைக்குப் பூக்குது, பனி எறங்குனா முடிஞ்சிடுது. நான் இன்னா பண்றது?"

ஹெலன் கேட்டால்தானே. ஒரு மாதம் கப்பலில் போகிற ஷூவே பூஞ்சை பிடிக்காமல் போய்ச் சேர்கிறது, ஒரு பழம் தங்காதா? கடைசிக் கூடையில் கண் விரியாத காயாக ஒன்று பொறுக்கினாள். கம்பெனி டிஷ்யூ தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைப் போட்டு, ஷூ பெட்டியில் மூடி பீரோ மேல் வைத்தாள்.

கார்த்திகை முழுக்க அவள் நினைப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. உள்ளே ஒவ்வொரு கண்ணாக மெல்லத் திறந்துகொண்டிருக்கும் என்று நம்பினாள். திறந்து பார்த்தால் வாசனை ஓடிவிடும் என்று தொடவே இல்லை.

ஜான்சன் வந்தான். பெட்டியை அவன் மடியில் வைத்துத் திறந்தாள். பழம் சுருங்கி, கறுத்து, கல்லாகிக் கிடந்தது.

"பூவம்மாக்கா அப்பவே சொன்னாங்க," என்றவள் அழுதுவிட்டாள்.

ஜான்சன் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எடுத்து மூக்கில் வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"பழ வாசனை இல்ல. தோலு, ஒட்டுற சொலூஷன், மெஷின் ஆயிலு. நீ ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குள்ள வர்ற வாசனை. அங்க எனக்குக் கனவுல இதான் வரும். இது மறக்கல."

ஹெலன் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் புரட்டாசில லீவு போடுங்க."

"அப்போ கிறிஸ்துமஸு?"

காலையில் அவன் ஏணி போட்டுக் கட்டிய நட்சத்திரம் வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள்.

"ஸ்டாரை நானே கட்டிக்கிறேன்," என்றாள்.