கௌரி போன இடம்

ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையில் அன்று காலை நாலு பேர். கால்நடை டாக்டர் அக்ஷதா பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்துக் கொட்டகை பசம்மா தண்ணீர்த் தொட்டி விளிம்பில். கொட்டகைக்காரன் பழனி, மூன்று மாதமாக விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு, வைக்கோல் கட்டில் சாய்ந்து. அவன் மனைவி லீலா தவிட்டு மூட்டை மேல்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தாள். பழனியின் மாடுகளில் மூன்றுக்கும், பசம்மாவின் இரண்டுக்கும் சினையைக் கலைக்கும் கன்றுவீச்சு நோய்.

"மருந்து?" என்றாள் பசம்மா.

"மாட்டுக்கு இல்ல. தனியாக் கட்டணும், விக்கக் கூடாது, பாலைப் பொங்கக் காய்ச்சணும். மனுஷங்களுக்கும் ஒட்டும். பழனியவ்ரே, நீங்க நாளைக்கே ரத்தம் குடுங்க. உங்களுக்கு மருந்து உண்டு. சரி, வீசின கன்னோட நஞ்சுக்கொடியை எங்க போட்டீங்க?"

"போடறதா? வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டினேன். பால்மரத்துல தொங்கினாத்தானே மடியில பால் நிக்கும்?"

அந்தச் சந்தில் எந்த மாட்டுக்கும் நஞ்செடுக்கப் பழனிதான். கைராசிக்காரன்.

"வெறுங்கையாலயா?"

"பின்ன, கரண்டியாலயா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அதை நாய் இழுத்துச்சு, காக்கா கொத்துச்சு. மிச்சத்தை உங்க கையே கொட்டகை கொட்டகையாக் கொண்டுபோச்சு."

"'கண்ணு பட்டிருக்கு பசம்மா, எலுமிச்சம்பழம் சுத்து'ன்னியே, மகராசா!" என்றாள் பசம்மா பழனியிடம். "கண்ணு இல்ல, உன் கைதான் பட்டிருக்கு."

"முதல்ல வீசினது எது?" என்றாள் டாக்டர்.

"கௌரி," என்றாள் லீலா. "போன வைகாசியில."

"அந்த ஹசு... பசு எங்க இப்போ?"

ஆடியிலேயே விற்றாகிவிட்டது. வாங்கியவள் ஹனூரில் இருக்கும் பழனியின் சொந்த அக்கா மாரக்காள். கன்று வீசியதை அவளிடம் சொல்லவில்லை.

"அடுத்த தரம் அது ஒழுங்காவே ஈனலாம். ஆனா ஈனும்போது வர்றதெல்லாம் விஷம். பாலும்தான்," என்றாள் டாக்டர். "வித்தவங்க கைப்பட எழுதி ஹனூர் கால்நடை டாக்டருக்குத் தபால்ல அனுப்புங்க; அங்க போன் எடுக்கறதில்ல. அதைக் காட்டினாத்தான் வாங்கினவங்க நம்புவாங்க."

டாக்டர் போனதும் லீலா போன் போட்டாள்.

"கௌரி அஞ்சு மாசச் சினை!" மாரக்காள் குரலில் பூரிப்பு. "மருமகளுக்கு ஏழு. வேண்டாம்னாலும் அவதான் கறக்கறா. ஒடம்பு தேறட்டும்னு பச்சைப் பாலா ஒரு டம்ளர் குடுத்துடறேன்."

"குடுக்காதீங்க அண்ணி! அந்த மாடு..."

பழனி போனைப் பிடுங்கினான். "இவ எதையோ கேட்டுட்டு உளர்றாக்கா. மாடு நல்லாத்தான் இருக்கு. நீ குடு." அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பாவி, உன் அக்கா பேரப்பிள்ளைய்யா!"

"தெரிஞ்சா அவ என் மூஞ்சியில முழிப்பாளா?"

பசம்மா தன் போனை நீட்டினாள். லீலா மறுபடி கூப்பிட்டாள். "உனக்கு எங்க ஊட்டுமேல என்னடி பொறாமை? தம்பியே சொல்லிட்டான்," என்று மாரக்காள் வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

லீலா தாளை எடுத்தாள். கௌரியின் நிறம், காது வில்லை எண், மாரக்காள் வீட்டு முகவரி, கன்று வீசிய தேதி எல்லாவற்றையும் எழுதினாள். பழனி காய்ச்சல் குளிரில் பல் கிட்டிக்க எட்டிப் பார்த்தான்.

"தெரியாம வித்துட்டோம்னு எழுது."

'கன்று வீசியதை மறைத்து விற்றோம். வீட்டில் கர்ப்பிணி அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறாள். இன்றே போய் நிறுத்துங்கள்' என்று எழுதி, பேனாவை அவனிடம் நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் பெயரை மட்டும் போட்டுவிட்டு நடந்தாள்.

தபாலாபீஸ் ஜன்னலில், "எப்போ போய்ச் சேரும்?" என்றாள்.

"ஸ்பீட் போஸ்ட்தானே? நாளன்னிக்கு."

அதற்குள் நாலு வேளைக் கறவை. லீலா உறையின் ஓரம் முழுக்கப் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, உள்ளே நீட்டினாள்.