ஓட்டை இல்லாத பாய்

படகின் பாயைப் பாதி இறக்கி, அதன் குறுக்கே விரலால் தடவிக்கொண்டே போன லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு துளைகூட அகப்படவில்லை. காற்று கூடினால் பாயின் கீழ்ப்பாதியைச் சுருட்டி, நடுவில் வரிசையாக இருக்கும் துளைகளில் கயிற்றைக் கோத்து அடியில் குறுக்கே ஓடும் கட்டையோடு கட்டிவிட வேண்டும். பாய் சின்னதாகிவிடும், படகும் சொன்ன பேச்சைக் கேட்கும். துளை இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் இப்போது வட்ட வட்டமாய் வெள்ளைத்துணி ஒட்டு. விளிம்பை மடித்து, இழை வெளியே தெரியாமல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற தையல்.

"என்ன மாப்ள தேடுற?" என்று காற்றுக்கு மேலே கத்தினார் சுக்கானைப் பிடித்திருந்த தையல்காரர். அவனுடைய அக்கா வீட்டுக்காரர்.

தேடுகிறானாம்! கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது அவனுக்கு. ஆனால் யார் கழுத்தை? தையல் கடையை மூடியதிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரிடம் இந்தப் பாயைக் கொண்டுபோய்ப் போட்டவன் அவன்தான். "அங்கங்க கிழிஞ்சிருக்கு மாமா. ஒரு ஓட்டை இருக்கக் கூடாது" என்று சொன்னவனும் அவன்தான். ஓரத்தையல் பிரிந்து தொங்கிய பழைய துளைகளுக்கும் கிழிசலுக்கும் அவர் என்ன வித்தியாசத்தைக் கண்டார்? பாய் திரும்பி வந்தபோதாவது விரித்துப் பார்த்திருக்கலாம். வீட்டு மனுஷர் செய்த வேலையைச் சோதித்துப் பார்ப்பதா என்று மரியாதை பார்த்தான். காலையில் இளங்காற்றில் அதை ஏற்றியபோதும், அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்த முகத்தைத்தான் கவனித்தான். கிளம்பும்போது அக்கா தனியாகக் கூப்பிட்டு, "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. அதுக்குத்தான் மனுஷன் காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். கரையோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். மழை சாயங்காலம்தான் என்று ரேடியோவில் சொன்னது. ரேடியோ சொல்வதைக் காற்று கேட்டால்தானே.

இன்ஜின் முதலிலேயே இருமிச் செத்துவிட்டது. முழுப் பாயை ஏற்றினால் படகு ஒருக்களித்துத் தண்ணீரை அள்ளுகிறது. இறக்கிப் போட்டாலோ, பாறைகள் பக்கமாக அலை தள்ளிக்கொண்டு போகிறது. துறைமுகத்தின் தடுப்புச்சுவர் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. பாதிப் பாய் இருந்தால் போய்விடலாம். அந்தப் பாதிப் பாய்தான் இல்லை.

இடுப்புக் கத்தியை உருவி ஒரு ஒட்டின்மேல் வைத்தான். அப்போதுதான் தையல்காரர் அவன் கை எங்கே இருக்கிறதென்று பார்த்தார். கையில் இருந்த கயிற்றையும் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"அது... கயிறு போறதுக்கா?"

பொய் சொல்ல நேரம் இல்லை. "ஆமா மாமா."

ஒரு அலை ஏறி இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போனது.

"கத்திய வைக்காத" என்றார் அவர். "கீறினா இந்தக் காத்துக்கு நெடுக்கக் கிழிஞ்சிரும். பிரிக்கத்தான் வேணும். நீ வந்து இதப் பிடி."

சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டு, ஆட்டத்தில் முழங்காலால் தவழ்ந்து போய், சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். எங்கே போனாலும் அது கூடவே வரும். படபடக்கும் பாயைக் கட்டையோடு சேர்த்து மார்பால் அழுத்திக்கொண்டு முதல் ஒட்டில் நுனியை நுழைத்தார். நுழையவில்லை. மறுபடி குத்தினார்.

"சீக்கிரம் மாமா."

"மூணு வரிசை போட்டிருக்கேன்டா. சும்மா வருமா?"

பாறையில் அலை உடையும் சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. இவர் அங்கே ஒவ்வொரு இழையாகத் தூக்கி வெட்டிக்கொண்டிருந்தார். இவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மூன்று வரிசை! யார் கேட்டார்கள் மூன்று வரிசை? இரண்டு போட்டால் ஆகாதா? ஊர் டெய்லர் எல்லாம் ஒரு வாரத்தில் பிரிகிற மாதிரி தைக்கும்போது, எனக்கென்று வந்து வாய்த்தாரே!

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க மாமா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "நாசமாப் போக, அவ்வளவு நல்லாத் தைச்சிருக்கீங்க!"

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். உப்புத்தண்ணீர் வழிந்த முகத்தில் அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மறுபடி குனிந்துகொண்டார். முதல் ஒட்டு வந்துவிட்டது. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கோத்து இறுக்கினார். பிரித்த வட்டத்துணியைக் கடலில் எறியாமல், நூலோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஒட்டுக்கு நகர்ந்தார்.